அளவுச் சங்கிலியும் படைப் பதிவேடும்: திருநள்ளாற்று எல்லையிலிருந்து ஒரு வரலாற்றுப் பார்வை

காரைக்கால் பகுதியைப் பிரெஞ்சுக்காரர் ஆண்ட காலத்து ஆவணங்களில் இரண்டு சொற்கள் அடிக்கடி எதிர்ப்படும். ஒன்று 'அல்தே'. கிராமம் என்னும் பொருளில் அது வழங்கிற்று. திருமலைராயன்பட்டினத்தை அவர்கள் 'கிராந்த் அல்தே', அதாவது 'பெரிய கிராமம்' என்றே எழுதினர். மற்றொன்று 'சிபாய்'. படைவீரனைக் குறிக்கும் சொல் அது. முதற்சொல் போர்த்துக்கீசியரின் 'அல்தெயா' என்பதிலிருந்து வந்தது. அதன் மூலமோ, அந்தலூசிய முஸ்லிம்கள் வழியாக ஐபீரிய மொழிகளிற் கலந்த 'அள்ளைஆ' என்னும் அரபுச் சொல்லாகும். விளைநிலம், சிற்றூர் என்பன அதன் பொருள்கள். இரண்டாவது சொல் பாரசீகத்தின் 'சிபாஹி' என்பதன் திரிபு.

நிலத்தைக் குறித்த சொல்லும் வீரனைக் குறித்த சொல்லும் முஸ்லிம்கள் பேசிய மொழிகளிலிருந்தே காவிரிக் கழிமுகத்துக்கு வந்து சேர்ந்தன. ஆனால் அச்சொற்களை ஏட்டில் எழுதி நம் முன்னோரின் நிலத்தை அளந்தவர்களும் தலைகளை எண்ணியவர்களும் கடல் கடந்து வந்த ஆட்சியினர். நிலத்தை அளப்பதும் ஆளை எண்ணுவதும் ஒரே ஆட்சிச் செயலின் இரு பகுதிகள் என்பதை நாம் பொதுவாக உணர்வதில்லை. வரைபடம் புவியியல் பாடத்துக்குரியது என்றும், படைத்திரட்டல் போர் வரலாற்றுக்குரியது என்றும் பிரித்துப் படித்துப் பழகிவிட்டோம். திருநள்ளாற்றைப் போன்ற எல்லையூர் ஒன்றில் நின்று பார்த்தால் இவ்விரண்டும் ஒன்றோடொன்று பிணைந்திருப்பது தெரியவரும். அப்பிணைப்பின் நடுவில் முஸ்லிம் தனியார் சட்டம் என்னும் கேள்வியும் நிற்பதைக் காணலாம். அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

உமர் (ரலி) அவர்களின் கேள்வி

வென்ற நாட்டை அளப்பதும் படைவீரர்களைப் பதிவு செய்வதும் ஐரோப்பியர் கண்டுபிடித்தவையல்ல. இராக்கின் ஸவாத் நிலப்பகுதி முஸ்லிம்களின் ஆட்சிக்குள் வந்தபோது, அதனை வீரர்களுக்குப் பங்கிட்டு விடலாம் என்ற கருத்து வலுவாக எழுந்தது. கலீஃபா உமர் (ரலி) அவர்கள் அதனை ஏற்காமல், நிலத்தை அதன் குடிகளிடமே விட்டு வரி விதிக்க முடிவு செய்தார்கள். உஸ்மான் இப்னு ஹுனைஃப் (ரலி) அவர்கள் நிலத்தை அளக்க நியமிக்கப்பட்டார்கள். 'ஜரீப்' என்னும் அளவின்படி நிலம் அளக்கப்பட்டுப் பயிருக்குப் பயிர் வேறுபட்ட வரி குறிக்கப்பட்டதை இமாம் அபூ யூசுஃப் அவர்களின் 'கிதாபுல் கராஜ்' விரிவாகப் பேசுகிறது. அதே காலத்தில்தான் 'தீவான்' என்னும் பதிவேடும் ஏற்படுத்தப்பட்டது. வீரர்களின் பெயர்களும், அவர்களுக்கும் அவர்களின் குடும்பங்களுக்கும் உரிய உதவித்தொகைகளும் அதில் எழுதப்பட்டன. நில அளவையும் படைப் பதிவேடும் இரட்டைப் பிள்ளைகளாகவே பிறந்தன என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

அதுவும் வென்றவர் வெல்லப்பட்ட நிலத்தை அளந்த செயல்தான். அதனை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் ஒரு செய்தி நம் கவனத்துக்குரியது. உமர் (ரலி) அவர்கள் தாக்கப்படுவதற்குச் சில நாட்களுக்கு முன், அளவைப் பொறுப்பில் இருந்த உஸ்மான் இப்னு ஹுனைஃப், ஹுதைஃபா இப்னுல் யமான் (ரலி) ஆகிய இருவரையும் நிறுத்தி, நிலத்தின் மீது அது தாங்க இயலாத சுமையை ஏற்றிவிட்டீர்களோ என்று வினவியதாக ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளது. அளந்தவனை நிறுத்திக் கேட்கப்பட்ட கேள்வி அது. எந்த ஆட்சியின் அளவையையும் பதிவையும் மதிப்பிட இதனையே உரைகல்லாகக் கொள்ளலாம்.

இக்கேள்வியை மறந்த முஸ்லிம் ஆட்சியாளர்களும் உண்டு. எகிப்தில் முஹம்மது அலீ பாஷா 1810களில் நிலங்களை அளந்து ஏட்டில் ஏற்றினார். 1820களில் உழவர்களைக் கட்டாயமாகப் படைக்கு இழுத்தார். படையிலிருந்து தப்பத் தம் விரல்களைத் துண்டித்துக்கொண்டவர்களும், கண்ணைக் கெடுத்துக்கொண்டவர்களும் அங்கே இருந்தனர். ஆகவே இது மதங்களுக்கிடையிலான வழக்கு அன்று. ஆளும் ஏட்டுக்கும் ஆளப்படும் உடலுக்கும் இடையிலான வழக்கு.

ஒரு கடற்கரை, நான்கு கொடிகள்

இனி நம் கடற்கரைக்கு வருவோம். தரங்கம்பாடியில் 1620 முதல் 1845 வரை டேனியர் இருந்தனர். நாகப்பட்டினத்தில் 1658 முதல் 1781 வரை டச்சுக்காரர் இருந்தனர். இவ்விரண்டுக்கும் இடையில் காரைக்காலில் 1739 இல் பிரெஞ்சுக்காரர் காலூன்றினர். தஞ்சை மராட்டிய மன்னர் சாகுஜி, காரைக்காலைத் தருவதாகக் கூறிப் பின்னர் தயங்கியபோது, சந்தா சாகிபின் படைவலிமையைத் துணைக்கொண்டே புதுச்சேரி ஆளுநர் துய்மா அதனைக் கைக்கொண்டார். பின்னர் பிரதாபசிங் மன்னர் காலத்தில் மேலும் பல கிராமங்கள் சேர்ந்து இப்பகுதி விரிந்தது. தஞ்சையின் எஞ்சிய பகுதிகள் நாளடைவில் ஆங்கிலேயரின் கைக்குப் போயின. ஒரு நாள் நடைக்குள் நான்கு கொடிகளைக் காணக்கூடிய கடற்கரையாக இது இருந்தது.

திருநள்ளாறு காரைக்கால் நகரின் மேற்கே சுமார் 5 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. சனீஸ்வரர் சன்னிதியால் நாடறிந்த இவ்வூர், காரைக்கால் பகுதியின் உள்நாட்டு எல்லையை ஒட்டிய கொம்யூனின் தலைமையிடமாகும். பிரெஞ்சு ஏடுகளில் இது 'திர்நூலார்' என்று எழுதப்பட்டது. இக்கொம்யூனுக்கு அப்பால் உள்ள வயலும் இதே காவிரி நீரையே குடித்தது. பேச்சும் உறவும் சம்பந்தமும் எல்லையைக் கடந்தே இருந்தன. இயற்கை வகுத்த எல்லை எதுவும் இங்கில்லை. இருந்த எல்லை தாளில் இருந்தது.

அத்தாளின் வரலாறும் சுவையானது. பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக 1752 இல் இந்திய வரைபடத்தை உருவாக்கிய தான்வில், இந்தியாவைக் கண்ணால் கண்டவரல்லர். பாரிஸில் அமர்ந்தபடியே, கப்பலோட்டிகளும் பாதிரிமாரும் படையதிகாரிகளும் தந்த குறிப்புகளை ஒப்புநோக்கி அவர் வரைந்தார். உறுதியான செய்தி கிடைக்காத இடங்களை வெறுமையாக விட்டுவிடும் நேர்மை அவரிடம் இருந்தது. ஆனால் அவ்வெற்றிடத்தை நிரப்பும் ஆவல் ஆட்சியாளர்களுக்குப் பிறந்தது. படை செல்லும் வழி, ஆற்றைக் கடக்கும் துறை, நெல் கிடைக்கும் ஊர் ஆகியன தெரியாமல் ஒரு நாட்டைப் பிடிக்கவோ, பிடித்ததைக் காக்கவோ இயலாது. பிரான்சில் இராணுவத்துக்கென வரைபடங்களையும் ஆவணங்களையும் சேர்க்கும் தனிக் காப்பகம் 1688 லேயே நிறுவப்பட்டது இதனால்தான். ஆங்கிலேயரின் நில அளவைத் துறையையும் நெடுங்காலம் படையதிகாரிகளே நடத்தினர். வங்காளத்தை அளந்து புகழ்பெற்ற ஜேம்ஸ் ரென்னல், இளமையில் ஆங்கிலக் கடற்படையில் இருந்து 1760-61 இன் புதுச்சேரி முற்றுகையில் பங்குகொண்டவர் என்பது இங்கு எண்ணத்தக்கது.

காரைக்கால் பலமுறை கைமாறியது. 1760 இல் ஆங்கிலேயர் பிடித்தனர். 1765 இல் திரும்பியது. 1778 இல் மீண்டும் போயிற்று. 1785 இல் திரும்பியது. 1793 இல் பறிபோனது, நெப்போலியன் போர்கள் ஓய்ந்த பின்னரே, 1817 சனவரியில் பிரெஞ்சுக்காரரிடம் வந்தது. ஆங்கிலேயர் பிடியில் இருந்த இக்கடைசிக் காலத்தில்தான் தென்னிந்தியாவின் மாபெரும் முக்கோண அளவை நடந்தது. வில்லியம் லாம்ப்டன் 1802 இல் சென்னை பரங்கிமலை அருகே அடிக்கோட்டை அளந்து தொடங்கினார். அவருடைய கோணமானி அரை டன் எடையுள்ளது. இங்கிலாந்திலிருந்து வரும் வழியில் பிரெஞ்சுக் கப்பலொன்று அதனைக் கைப்பற்றி மொரீஷியஸுக்குக் கொண்டுசென்றது. அங்கிருந்த பிரெஞ்சு ஆளுநர் பெருந்தன்மையோடு அதனைச் சென்னைக்கு அனுப்பிவைத்தார். தஞ்சைச் சமவெளியில் குன்றுகள் இல்லை. தென்னந்தோப்புகள் பார்வையை மறைக்கும். ஆகவே கோயிற் கோபுரங்களே அளவை நிலையங்களாயின. 1808 இல் தஞ்சைப் பெரிய கோயிலின் விமானத்துக்கு அக்கருவியை ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதி நெளிந்தது. லாம்ப்டன் வாரக்கணக்கில் உழைத்து அதனைச் செப்பனிட்டார்.

கருவியைத் திருப்பித் தந்த பெருந்தன்மையும், அதைச் செப்பனிட்ட பொறுமையும் பாராட்டுக்குரியவையே. எனினும், அளக்கப்பட்ட நிலத்தில் வாழ்ந்தவர்களிடம் எவரும் எதையும் கேட்கவில்லை. இரு பேரரசுகளும் தமக்குள் கருவியைப் பரிமாறிக்கொண்டன. நிலத்தையும் அவ்வாறே பரிமாறிக்கொண்டன.

பெயர் எழுதப்பட்ட ஏடு

நிலம் அளக்கப்பட்ட பின் மனிதர் எழுதப்பட்டனர். 1819 சனவரி 6 ஆம் நாளின் ஆணை, பிரெஞ்சிந்தியாவின் மக்களுக்கு அவரவர் சட்டமும் வழக்கமுமே பொருந்தும் என்று உறுதியளித்தது. கிறிஸ்தவர், 'மோர்' எனப்பட்ட முஸ்லிம்கள், இந்துக்கள் ஆகிய மூவரும் அதில் அடங்குவர். திருமணம், மணவிலக்கு, வாரிசுரிமை ஆகியவற்றில் நம்மவர் ஷரீஅத்தின்படி வாழ இவ்வாணை இடம் தந்தது.

1848 இன் புரட்சியால் பிறந்த இரண்டாம் பிரெஞ்சுக் குடியரசு, பிரெஞ்சிந்தியருக்கும் வாக்குரிமை வழங்கிற்று. இடையில் பறிக்கப்பட்ட அது, 1871 இல் மீண்டும் கிடைத்தது. தம் தனியார் சட்டத்தை விடாமலே நம்மவர் வாக்களித்தனர். ஆனால் வாக்களிப்பவன் முழுக் குடிமகனா, வெறும் குடியானவனா என்ற ஐயம் தொடர்ந்தது. அதற்கு விடையாக வந்ததே 1881 செப்டம்பர் 21 ஆம் நாளின் ஆணை. தன் தனியார் சட்டத்தைத் துறப்பதாக ஒருவர் அதிகாரி முன் கையொப்பமிட்டால், பிரெஞ்சு உரிமையியல் சட்டம் அவருக்குப் பொருந்தும். அவர் 'ரெனோன்சான்', அதாவது 'துறந்தவர்' எனப்பட்டார். இத்துறவு மீளப் பெற இயலாதது, வழித்தோன்றல்களையும் கட்டுப்படுத்துவது.

துறந்தவர் தமக்கொரு குடும்பப் பெயரையும் தெரிந்துகொண்டு 'எத்தா சிவில்' என்னும் குடிமைப் பதிவேட்டில் எழுதவேண்டும். இவ்வியக்கத்தின் தலைவரான பொன்னுத்தம்பி பிள்ளை 'லாபோர்த்' என்னும் பெயரை ஏற்றார். 'வாயில்' என்பது அதன் பொருள். திருநள்ளாறு 'திர்நூலார்' ஆனது வரைபடத்தில். பொன்னுத்தம்பி 'லாபோர்த்' ஆனது பதிவேட்டில். ஊர்ப்பெயரை எழுதிய கையும் ஆட்பெயரை எழுதிய கையும் ஒன்றே.

துறந்தவர்களிற் பெரும்பாலோர் கிறிஸ்தவர்களும் ஒடுக்கப்பட்ட சாதியினரும் ஆவர். சாதிக் கொடுமையிலிருந்து விடுபடும் வாயிலாக அவர்கள் இதனைக் கண்டனர். அவர்களின் நியாயத்தை நாம் குறைத்து மதிப்பிடலாகாது. சைகோன் முதலிய இடங்களில் அரசுப் பணியும் ஐரோப்பியருக்கு ஈடான ஊதியமும் கிடைக்கும் என்ற நம்பிக்கையும் சேர்ந்துகொண்டது. முஸ்லிம்களிலோ துறந்தவர் மிகச் சிலரே. காரைக்கால் முஸ்லிம்களிற் பலர் வணிகத்துக்காக அதே சைகோனுக்குச் சென்றனர். ஆனால் ஃபராயிள் என்னும் பாகப்பிரிவினைச் சட்டத்தையும் நிக்காஹ்வையும் கையொப்பமிட்டு விட்டுக்கொடுக்கப் பெரும்பாலோர் முன்வரவில்லை.

1884 இல் வாக்காளர் மூன்று பட்டியல்களாகப் பிரிக்கப்பட்டனர்: ஐரோப்பியர், துறந்தவர், துறவாதவர். சில நூறு பேரே இருந்த ஐரோப்பியருக்கும், இலட்சக்கணக்கான மக்களின் சார்பாளர்களுக்கும் அவைகளில் சமபங்கு. 1899 இல் பட்டியல்கள் இரண்டாகக் குறைந்தன. துறந்தவர்களுக்கென இருந்த தனிப்பட்டியல் மறைந்தது. வாசகர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். துறந்தவருடைய கையொப்பம் மீளப் பெற இயலாதது. அரசு தந்த சலுகையோ மீளப் பெறக்கூடியதாக இருந்தது.

அழைப்பு வந்தபோது

1914 இல் முதல் உலகப்போர் தொடங்கியது. பதிவேட்டின் இன்னொரு பயன் அப்போது வெளிப்பட்டது. துறந்தவர் குடிமகன், குடிமகனுக்கு இராணுவக் கடமை உண்டு. பிறந்த நாளும் பெயரும் ஏட்டில் இருந்தமையால் அழைப்பதும் எளிதாயிற்று. துறவாதவர்களுக்குக் கட்டாயமில்லை, விரும்பினால் சேரலாம் என்றாயிற்று. பிரெஞ்சிந்தியாவிலிருந்து பல நூறு பேர் கடல் கடந்து போருக்குச் சென்றனர். அவர்களில் மாண்டோரின் நினைவாகப் புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் எழுப்பப்பட்ட சின்னம் 1938 இல் திறக்கப்பட்டது. காரைக்காலிலும் நினைவுச்சின்னம் உண்டு. 'சொல்தா' என்ற பிரெஞ்சுச் சொல் இப்பகுதித் தமிழிற் கலந்து, பிரெஞ்சுப் படையில் பணியாற்றி ஓய்வூதியம் பெறுவோரைக் குறிக்கும் பெயராக நிலைத்தது.

இப்போது எல்லைக்கோட்டின் இருபுறத்தையும் ஒப்பிட்டுப் பார்ப்போம். கோட்டுக்கு அப்பால் தஞ்சை மாவட்டத்து இந்தியனுக்குக் கட்டாயப் படைச்சேவை இல்லை. 1917 இல் ஆங்கிலேயர் இயற்றிய இந்தியப் பாதுகாப்புப் படைச் சட்டம், இந்தியாவில் வாழ்ந்த ஐரோப்பியப் பிரித்தானியரை மட்டுமே கட்டாயப்படுத்தியது. பஞ்சாபிலோ சட்டமில்லாமலே மாவட்டவாரியாக இலக்கு வைத்து, அதிகார நெருக்குதலால் ஆள் திரட்டினர். ஆக, ஒரே ஆற்று நீரில் விளைந்த நெல்லை உண்ட மூவரை எண்ணிப் பாருங்கள். கோட்டுக்குள் துறந்தவர் கட்டாயமாகப் போகவேண்டும். கோட்டுக்குள்ளேயே துறவாதவர் விரும்பினாற் போகலாம். கோட்டுக்கு வெளியே உள்ளவருக்கு வேறு சட்டம். உடல்வலிமையோ வீரமோ இம்மூவரைப் பிரிக்கவில்லை. வரைபடத்தில் ஒரு கோடும் ஏட்டில் ஒரு வரியுமே பிரித்தன.

அக்கோடு தீங்கே செய்தது என்றும் கூறவியலாது. 1908 இல் ஆங்கிலேயரின் பிடியிலிருந்து தப்பிய பாரதியாருக்குப் புதுச்சேரி புகலிடமாயிற்று. கோடு பிடித்துக்கொள்ளவும் செய்யும், காக்கவும் செய்யும். அது எதைச் செய்யும் என்பதை அக்கோட்டுக்குள் வாழ்பவர் முடிவுசெய்ய முடியாது என்பதே அடிமைநிலையின் இலக்கணம்.

அல்ஜீரியாவும் செனகலும்

பிரெஞ்சுக் குடியுரிமைக்குத் தனியார் சட்டம் தடையென்று அக்காலத்து ஆட்சியாளர் கூறினர். இக்கூற்று உண்மைதானா என்பதை ஆராய, அதே பிரான்சு ஆண்ட இரண்டு முஸ்லிம் நாடுகளை ஒப்புநோக்குவோம்.

அல்ஜீரியாவில் 1863 ஏப்ரலில் கோத்திரங்களின் நிலங்களை அளந்து எல்லை வகுக்கும் ஆணை வந்தது. 1865 சூலையில், அல்ஜீரிய முஸ்லிம் பிரெஞ்சுக்காரனே, ஆனால் தன் தனியார் சட்டத்தைத் துறந்தாலன்றிக் குடிமகன் ஆகமாட்டான் என்ற ஆணை வந்தது. 1912 பிப்ரவரியில் முஸ்லிம்களுக்குக் கட்டாயப் படைத்திரட்டல் ஆணை வந்தது. முதலில் நிலம், அடுத்து பெயர், முடிவில் உடல். காரைக்காலில் துறவாதவருக்குக் கட்டாயம் இல்லை. அல்ஜீரியாவிலோ குடியுரிமை இல்லாதவனுக்கும் கட்டாயம் உண்டு. இச்செய்தி முன்கூட்டியே பரவியதால் 1911 இல் திலிம்ஸான் நகரத்துக் குடும்பங்கள் பல, சிரியாவுக்கு ஹிஜ்ரத் செய்தன. 1916 இல் அவ்ராஸ் மலைப்பகுதியில் கிளர்ச்சி வெடித்தது. அப்படியிருந்தும் போர் முடிவதற்குள் ஏறத்தாழ 1,70,000 அல்ஜீரிய முஸ்லிம்கள் பிரெஞ்சுப் படையில் பணியாற்றினர்.

செனகலின் கதை வேறு. செயின்ட் லூயி, கோரே, ருஃபிஸ்க், டக்கார் ஆகிய நான்கு கொம்யூன்களின் மக்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள். தம் குடும்ப வழக்குகளை முஸ்லிம் நீதிமன்றத்தில் தீர்த்துக்கொண்டே அவர்கள் வாக்களித்தும் வந்தனர். 1914 இல் அவர்களின் பிரதிநிதியாகப் பாரிஸ் நாடாளுமன்றத்துக்குத் தேர்வான பிலேஸ் தியாங் ஓர் உபாயம் செய்தார். எம் மக்கள் படைக்கு வருவர். ஆனால் குடிமக்களாகவே வருவர் என்பதே அவருடைய நிபந்தனை. 1915 அக்டோபர் 19 இன் சட்டம் அவர்களைப் பிரெஞ்சுக்காரருக்குரிய படைக்கடமைக்குள் கொண்டுவந்தது. 1916 செப்டம்பர் 29 இன் சட்டம், நான்கு கொம்யூன்களில் பிறந்தவரும் அவர்தம் சந்ததியும் பிரெஞ்சுக் குடிமக்களே என்று அறிவித்தது. தனியார் சட்டத்தைத் துறக்கும்படி அச்சட்டம் கேட்கவில்லை.

ஒரே குடியரசு, ஒரே போர், ஒரே ஷரீஅத். அல்ஜீரியாவில் ஷரீஅத்தை விட்டால்தான் குடியுரிமை. செனகலில் ஷரீஅத்தோடு குடியுரிமை. அப்படியானால் தடையாக நின்றது ஷரீஅத் அன்று என்பது தெளிவு. அல்ஜீரியாவில் முஸ்லிம்கள் கோடிக்கணக்கை நோக்கி வளரும் பெரும்பான்மையினர். அவர்கள் குடிமக்களானால் அங்கே குடியேறிய ஐரோப்பியரின் ஆதிக்கம் சரியும். நான்கு கொம்யூன்களிலோ மக்கள் சிலரே. போருக்கு ஆளும் தேவைப்பட்டது. எண்ணிக்கையின் கணக்கைச் சட்டத்தின் தத்துவமாகப் பேசினர் என்பதே உண்மை.

தியாங்கின் வெற்றிக்கும் மறுபக்கம் உண்டு. 1918 இல் அவரே மேற்கு ஆப்பிரிக்கா முழுவதும் சென்று பல்லாயிரம் பேரைப் படைக்குத் திரட்டிக் கொடுத்தார். அவர்களில் மிகப்பெரும்பாலோர் நான்கு கொம்யூன்களின் கோட்டுக்கு வெளியே பிறந்தவர்கள். அவர்களுக்குக் குடியுரிமை கிடைக்கவில்லை. உயிரை விலையாகக் கொடுத்துப் பெறும் உரிமையும் கோட்டின் உள்ளே இருப்பவனுக்கே கிட்டிற்று.

மைசலூனில் மோதியவர்கள்

படைத்திரட்டலும் வரைபடமும் ஒன்றையொன்று பெற்றெடுக்கும் என்பதற்கு ஷாம் தேசமே பெருஞ்சான்று. 1914 இல் உதுமானிய அரசு அறிவித்த 'ஸஃபர்பர்லிக்' என்னும் படைத்திரட்டல், பஞ்சத்தோடும் பிரிவோடும் சேர்ந்து அரபுக் குடும்பங்களின் நினைவில் நிலைத்துவிட்ட துயரச் சொல். 1916 இல் சைக்ஸும் பிக்கோவும் அந்நிலத்தின் வரைபடத்தில் கோடிட்டுத் தம் அரசுகளுக்குப் பங்கு பிரித்தனர். 1920 சூலை 24 அன்று, தமாஸ்கஸை நோக்கி வந்த பிரெஞ்சுப் படையை மைசலூன் கணவாயில் யூஸுஃப் அல்அழ்மா எதிர்கொண்டு வீரமரணம் எய்தினார். அவருக்கு எதிரே நின்ற பிரெஞ்சுப் படையில் அல்ஜீரியரும் மொராக்கோவினரும் செனகல் படையினரும் பெருமளவில் இருந்தனர். கட்டாயத்தாலும் கூலியாலும் திரட்டப்பட்ட முஸ்லிம்களைக் கொண்டே முஸ்லிம் நாட்டின் மீது புதிய கோடு நிலைநாட்டப்பட்டது. 1911 இல் படைத்திரட்டலுக்கு அஞ்சித் திலிம்ஸானிலிருந்து சிரியாவுக்கு ஓடிவந்த குடும்பங்களை ஒன்பதே ஆண்டுகளில் அதே கொடி துரத்திப் பிடித்தது.

முடியாத கையொப்பம்

1946 மே 7 இன் சட்டம், பிரான்சின் கடல் கடந்த பகுதிகளின் மக்கள் அனைவரையும் குடிமக்களாக அறிவித்தது. அதே ஆண்டின் அரசியலமைப்பு, தனியார் சட்டத்தை வைத்திருப்பது குடியுரிமைக்குக் குந்தகமாகாது என்று ஏற்றுக்கொண்டது. 1881 இல் முடியாது என்றது 1946 இல் முடிந்துவிட்டது. இடைப்பட்ட 65 ஆண்டுகளில் ஷரீஅத் மாறவில்லை. இரண்டு உலகப்போர்களுக்குப் பின் பிரான்சின் நிலைமையே மாறியிருந்தது.

1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் கூடிய மக்கள் பிரதிநிதிகள் 178 பேரில் 170 பேர் இந்தியாவுடன் இணைய வாக்களித்தனர். நவம்பர் 1 இல் ஆட்சி கைமாறியது. 1956 இல் கையொப்பமான ஒப்பந்தம் 1962 ஆகஸ்டு 16 இல் நடைமுறைக்கு வந்தது. இங்கே பிறந்து இங்கேயே வாழ்ந்தவர் இந்தியர் ஆவர். பிரெஞ்சுக் குடியுரிமையைத் தக்கவைக்க விரும்புவோர் ஆறு மாதங்களுக்குள் எழுதித் தரவேண்டும் என்பது விதி. மீண்டும் ஒருமுறை, கோட்டுக்குள் பிறந்தாரா என்பதும் ஏட்டில் எழுதினாரா என்பதுமே குடும்பங்களின் போக்கை முடிவுசெய்தன. அண்ணன் பிரெஞ்சுக்காரராகவும் தம்பி இந்தியராகவும் ஆன வீடுகள் தோன்றின. அவ்வாறு பிரெஞ்சுக் குடியுரிமையைத் தக்கவைத்தோரின் பிள்ளைகளைப் பிரான்சின் கட்டாயப் படைச்சேவையும் தொடர்ந்தது. 1997 இன் சட்டமே அதனை நிறுத்தியது.

1881 இன் கையொப்பம் அத்துடன் மறைந்ததா? இல்லை. ஷரீஅத் நடைமுறைச் சட்டம் 1937 புதுச்சேரி ஒன்றியப் பகுதிக்கு 1968 இல் விரிவாக்கப்பட்டபோது, 'ரெனோன்சான்'களுக்கு அது பொருந்தாது என்ற விலக்கும் சேர்ந்தே வந்தது. இந்துத் திருமணச் சட்டத்திலும் இதுபோன்ற விலக்கு உண்டு. பிரெஞ்சு ஆட்சி போன பின்பும், துறந்தவர் வழிவந்தோரின் குடும்பச் சட்டத்தைப் பாட்டனாரின் ஒரு கையெழுத்து இன்றுவரை ஆள்கிறது.

இதிலிருந்து நாம் கொள்ளவேண்டிய தெளிவுகள் இரண்டு. முதலாவது, குடியுரிமையும் தனியார் சட்டமும் இயல்பிலேயே பகைமையுடையவை என்ற வாதத்தைக் கேட்கும்போது, டக்காரின் 1916 ஐயும் அல்ஜியர்ஸின் 1865 ஐயும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். ஆட்சியின் தேவையைச் சட்டத்தின் இயல்பு என்று நம்புவது அறிவுடைமையாகாது. இரண்டாவது, அளப்பவனும் எழுதுபவனும் நம்மைப் பற்றி எழுதியதை நாமும் படிக்கக் கற்றிருக்க வேண்டும். அம்பகரத்தூரிலும் திருநள்ளாற்றிலும் காரைக்காலிலும் பல வீடுகளின் பெட்டிகளில் எத்தா சிவில் படிகளும், படைச்சேவைக் கையேடுகளும், சைகோன் முத்திரையிட்ட கடிதங்களும் கிடக்கின்றன. பிரெஞ்சு அறிந்த முதியோர் குறைந்துவருகின்றனர். கரையான் அரிக்கும் முன் அவற்றைப் படித்து, படியெடுத்து, ஜமாஅத் நூலகங்களிலேனும் சேர்த்துவைப்பது நம் தலைமுறையின் கடமை.

பேரரசின் ஏட்டில் நம் முன்னோர் எண்களாகவே இருக்கின்றனர். அவ்வெண்களுக்குப் பின்னால் யார் துறந்தார், யார் மறுத்தார், யார் கப்பலேறினார், யார் திரும்பவில்லை என்பதை எழுதவேண்டியவர்கள் நாமே. தாங்க இயலாத சுமையை ஏற்றிவிட்டீர்களோ என்று உமர் (ரலி) அவர்கள் கேட்ட கேள்வியைக் காலனி ஆட்சியின் அளவைக்காரர்களிடம் அன்று கேட்க ஆளில்லாமற் போயிற்று. ஆவணங்களைக் கையில் வைத்துக்கொண்டு இன்றாவது அதனைக் கேட்க நம்மால் இயலும்.